மொத்துக் காத்து

நாமக்கல் சப் கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்த காளியண்ணனுக்கு அன்று காலையிலேயே வாய் கசந்து கிடந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. புரட்டாசிப் புழுக்கத்தில் ராத்திரி கண் மூடவில்லை, அவ்வளவுதான். மனைவி சௌந்திரம் வைத்த பழைய சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது, இன்றைக்கு ஒரு நாள் யாருமே எதையும் சொல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அவருடைய வேலையே பேசுவதுதான். ஆனால் பேசுவதில் ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. சாட்சி தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை இங்கிலீஷில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் ஆரம்பித்தது. இப்போது மீசையும் நரைத்துவிட்டது. வெட்டியவன் சொன்னதும் அவர் வாய் வழியாகத்தான் போயிற்று, வெட்டுப்பட்டவனின் தாய் சொன்னதும் அவர் வாய் வழியாகத்தான் போயிற்று. ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுது அழுது சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லி முடிப்பார். துரை எழுதிக்கொள்வார். தொடக்கத்தில் அப்படிச் சுருக்குவது பாவமாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. இப்போது அந்தப் பழக்கமே அலுத்துவிட்டது.

அன்று விசாரணைக்கு வந்தது பரிசல் வழக்கு. மோகனூருக்கு மேற்கே காவேரியில் ஒரு பரிசல் துறை. அங்கே பரிசல் போட்டுக்கொண்டிருந்தவன் ஆண்டி, ஐம்பது வயதைத் தொட்டவன். ஆடி மாதத்தில் ஒரு நாள் சின்னண்ணன் என்ற பண்ணயக்காரரையும் அவர் மனைவி பெருமாயியையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டான். பெருமாயியின் அண்ணன் வீடு அக்கரையில் இருந்தது. அண்ணன் பேத்திக்கு அம்மன் கோயிலில் காதுகுத்து. பரிசலில் அந்த மூன்று பேரும், சீர்வரிசையாகக் கொண்டுபோன இரண்டு மூட்டையும்தான். நடு ஆற்றில் பரிசல் கவிழ்ந்தது. ஆண்டி நீந்திப்போய்ச் சின்னண்ணனைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். திரும்பப் போனபோது பெருமாயியைக் காணவில்லை. மறுநாள் கீழே ஒரு நாணல் திட்டில் ஒதுங்கியிருந்தாள்.

அஜாக்கிரதையாகப் பரிசல் ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தான் என்று ஆண்டி மேல் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. புகார் கொடுத்தவர் சின்னண்ணன். ஆண்டிக்கு வக்கீல் இல்லை. அவன் மனைவி செல்லியம்மாள் மட்டும் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சப் கலெக்டர் துரை வாலிப வயது. சீமையிலிருந்து வந்து இரண்டாவது கோடையைப் பார்த்திருந்தார். முன்ஷி வைத்துத் தமிழ் படித்துப் பரீட்சையும் தேறியவர். ஆனால் முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழை இந்தப் பக்கத்தில் யாரும் பேசவில்லை என்பது வந்த மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் காளியண்ணன் இல்லாமல் அவருக்கு ஓடாது.

முதலில் சின்னண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறினார். நல்ல உயரம், காடு கரை உள்ள மனிதர் என்பது நிற்பதிலேயே தெரிந்தது. தாடி மழிக்காத முகம். கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"காலைல இருந்தே ஓங்காத்துங்க. ஆடிக் காத்துன்னா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. தண்ணியும் புதுத் தண்ணி. இவன் பரிசலை எறக்குனான். நடு ஆத்துல கவுந்துருச்சுங்க. எம் பொண்டாட்டி போயிட்டா."

காளியண்ணன் சொன்னார். துரை எழுதினார். காலையிலிருந்தே பலத்த காற்று; தெரிந்தும் இறக்கினான். வழக்கு அவ்வளவுதான் என்று போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய கோர்ட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். காளியண்ணனுக்கும் அப்படித்தான் பட்டது. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தார்.

அடுத்து ஆண்டியைக் கேட்டார்கள். ஆண்டி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

"நான் வேணும்னு செய்யலீங்க சாமி. பாதி ஆறு தாண்டிட்டனுங்க. மேக்கால இருந்து ஒரு மொத்து வந்துச்சுங்க. வந்து பரிசலை ஒரே தட்டாத் தட்டிருச்சுங்க."

காளியண்ணன் சோர்ந்துபோன நாக்கால், மேற்கிலிருந்து காற்று வந்தது, பரிசல் கவிழ்ந்தது என்று சொன்னார். காற்றுக்குத் துரை தினமும் கேட்கும் சாதாரண வார்த்தை, 'விண்ட்'. துரை அதை எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தார். காலையிலிருந்தே காற்று இருந்தது என்று நீயே ஒத்துக்கொள்கிறாயே, அப்புறம் ஏன் பரிசலை இறக்கினாய் என்று கேட்டார்.

காளியண்ணன் அதைத் தமிழில் சொன்னதும் ஆண்டி குழம்பிப்போய் அவரையே பார்த்தான்.

"நான் காத்துன்னு சொல்லலீங்களே சாமி. காத்து காலைல இருந்து அடிச்சுதுங்க, வாஸ்தவம். அந்தக் காத்துல நான் எத்தனையோ ஆடி ஓட்டியிருக்கறனுங்க. அதுக்குத் தக்கனப் பரிசலைச் சாய்ச்சுக்குவனுங்க. கவுத்தது அது இல்லீங்க. மொத்துங்க. அது சொல்லிட்டு வராதுங்க."

 மொத்து என்றால் காளியண்ணனுக்குத் தெரியாததில்லை. அவர் பிறந்த ஊரில் களத்தில் தூற்றிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒன்று வந்து முறத்தையே பிடுங்கிக்கொண்டு போகும். முதுகில் யாரோ கையை மடக்கிக் குத்தினது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். அவன் சொன்னது அதைத்தான். தான் சொன்னது வேறு. தன் அலுப்புக்கு ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தான் என்று நினைத்தபோது, அவருக்கு வெட்கத்தைவிட அதிகமாகக் களைப்புத்தான் வந்தது.

அவர் துரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். முன்னே சொன்ன வார்த்தை பொருந்தாது, இவன் சொல்வது 'கஸ்ட்' என்றார்.

அந்த வார்த்தை ஆண்டியின் காதில் விழுந்தது. அவன் முகம் சட்டென்று இளகிப்போனது.

"ஆமாங்க சாமி," என்றான். "கஷ்டந்தானுங்க. அதைத் துரைகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். துரை என்னவென்று கேட்டார். காளியண்ணன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

கோர்ட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தார். குற்றவாளியின் வாயில் குமாஸ்தாவே வார்த்தை எடுத்து வைக்கலாமா, போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் காற்று என்றுதானே இருக்கிறது என்றார். துரை அவரைக் கையமர்த்தினார். அலமாரியிலிருந்து அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் தூசியைத் தட்டி, 'கஸ்ட்' இருந்த பக்கத்தைப் புரட்டி, உரக்கப் படித்தார். திடீரென்று வேகமாக வீசி ஓயும் காற்று என்று போட்டிருந்தது.

பிறகு அகராதியை மூடிவிட்டு, தாம் கடலோர ஊரில் பிறந்தவர் என்றும் தம் மாமனுக்குப் பாய்மரப் படகு இருந்தது என்றும் சொன்னார். அவருடைய ஊரில் இப்படிப்பட்ட காற்றுக்கு இரண்டு வார்த்தை உண்டு. 'ஸ்குவால்' என்பது மேகத்தோடு வரும், மழையோடு வரும், வந்தால் கொஞ்ச நேரம் நின்று அடிக்கும். வானத்தைப் பார்க்கத் தெரிந்தவன் அதற்கு முன்னாலேயே கரைக்குத் திரும்பிவிடுவான். திரும்பவில்லையென்றால் அது அவன் குற்றம். 'கஸ்ட்' அப்படியில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். மூச்சு விடுவதற்குள் போய்விடும். அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இவனைக் கவிழ்த்தது எது என்று கேளுங்கள் என்றார்.

காளியண்ணன் ஆண்டி பக்கம் திரும்பினார். "அன்னைக்கு வானம் எப்படி இருந்துது? மேகம் கருக்கல் கட்டியிருந்துதா? மழை வந்துதா?"

"இல்லீங்க. பளபளன்னு வெயிலுங்க."

"அடிச்சது எவ்வளவு நேரம்?"

"நேரமே இல்லீங்க சாமி. ஒரு இருமல் இருமற மாதிரிங்க."

"வர்றது உனக்கு முன்னாலயே தெரிஞ்சுதா?"

ஆண்டி கொஞ்சம் யோசித்தான். "தெரிஞ்சுதுங்க," என்றான்.

 இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு வீடு போயிருப்பான். ஆனாலும் சொன்னதைச் சொல்லாமல் விடக் காளியண்ணனுக்கு உரிமை இல்லை. சொன்னார். துரையின் பேனா நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"மொத்து வரும்போது தண்ணி மேல கருப்பாச் சுருக்கம் விழுந்துட்டு ஓடி வருமுங்க. அதைப் பார்த்தனுங்க. பார்த்ததும், சாமி, அசையாம அப்படியே உக்காருங்கன்னு சத்தம் போட்டனுங்க. துடுப்பை அந்தப் பக்கம் மாத்தறதுக்குள்ள வந்துருச்சுங்க."

"உக்காந்துட்டாங்களா ரெண்டு பேரும்?"

 கும்பிட்ட கைகளுக்கு மேலாக ஆண்டியின் பார்வை ஒரு தடவை சின்னண்ணன் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் போய் வந்தது.

"நான் தண்ணியப் பார்த்துட்டு இருந்தனுங்க," என்றான் கடைசியில். "ஆளைப் பார்க்கலீங்க."

துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

காளியண்ணன் கச்சேரிக்குப் பின்னால் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சௌந்திரம் கட்டிக்கொடுத்த புளிச்சோறு தூக்குப்போசியில் அப்படியே இருந்தது. யாரோ பின்னால் நிற்பது போலிருக்கத் திரும்பினார். சின்னண்ணன்.

"ஏனுங்க," என்றார் சின்னண்ணன். "உங்களை ஒண்ணு கேக்கோணும்."

"வழக்கு நடக்கறப்ப நீங்க எங்கூடப் பேசக் கூடாதுங்க."

"வழக்கைப் பத்தி இல்லீங்க. துரை ஒரு வார்த்தையை ரொம்ப நேரம் பேசினாரு. புஸ்தகத்தையெல்லாம் பார்த்தாரு. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

காளியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். சொல்லக் கூடாது என்று தெரியும். ஆனால் அது கோர்ட்டில் எல்லார் முன்னாலும் படித்த வார்த்தைதானே. சொல்ல முடியாது என்று மல்லுக்கட்டவும் அவரிடம் தெம்பில்லை.

"மொத்துக் காத்துங்க. திடீர்னு வந்து அடிச்சுட்டுப் போறது. யாரும் எதிர்பார்க்க முடியாதது. அதனால அது ஓட்டறவன் குத்தம் ஆகாதுன்னு துரை சொல்றாரு."

"ஓட்டறவன் குத்தம் ஆகாதுங்களா?"

"மொத்துதான்னு ஆச்சுன்னா, ஆகாதுங்க."

சின்னண்ணன் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு திடீரென்று சுருங்கிப்போனது போல இருந்தது.

"அப்ப யாரு குத்தமுங்க?" என்றார்.

 காற்றின் குற்றம் என்று சொல்லக் காளியண்ணனுக்கு வாய் வரவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திறந்து பார்த்தார், ஒரு வாய்கூடத் தின்னத் தோன்றவில்லை.

மத்தியானம் துரை சின்னண்ணனை மறுபடியும் கூண்டில் ஏறச் சொன்னார். கூடம் பாதி காலியாக இருந்தது. பங்கா விசிறி இழுக்கிறவன் அரைத்தூக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பரிசல் கவிழ்ந்தது காலையிலிருந்து வீசிய காற்றாலா, திடீரென்று வந்த ஒன்றாலா என்று துரை கேட்டார். காளியண்ணன் தமிழில் சொன்னார்.

சின்னண்ணன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். துரை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். காளியண்ணன் கேட்டார்.

"மொத்துதானுங்க," என்றார் சின்னண்ணன். "அவன் சொன்னது நெசந்தான். சத்தம் போட்டதும் நெசந்தான்."

காளியண்ணன் சொன்னார். துரை எழுதினார். இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சின்னண்ணன் இன்னும் ஏதோ சொன்னார். குரலே எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற காளியண்ணனுக்கு மட்டும் கேட்டது.

"எந் தலைத்துண்டு பறந்துதுங்க. அதைப் புடிக்கறதுக்கு நான் எந்திரிச்சனுங்க."

துரை பேனாவை உயர்த்தி வைத்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

காளியண்ணன் பேசாமல் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி நின்றதில்லை. இங்கிலீஷில் அது சின்ன வாக்கியம். ஆனால் சொன்ன பிறகு இந்த மனிதன் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவான்? சொல்லாவிட்டால் இந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. மொத்து என்று ஒத்துக்கொண்டதே ஆண்டிக்குப் போதும். இதை இங்கேயே விழுங்கிவிடலாம். எத்தனையோ பேருடைய எத்தனையோ சொற்களைச் சுருக்கியவருக்கு இந்த ஒன்றை விழுங்குவது பெரிய காரியமா?

சின்னண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார். "இங்கிலீசுல சொல்லீருங்க. நம்ம பேச்சுல இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியலீங்க. மச்சான்கிட்டச் சொல்ல முடியலை. பெத்த புள்ளைககிட்டச் சொல்ல முடியலை. அவ போட்டோ முன்னால நின்னுகூட வரமாட்டேங்குது. நீங்க துரைகிட்டச் சொல்லீருங்க. அவரு எழுதிக்கட்டும்."

காளியண்ணன் துரையின் பக்கம் திரும்பினார். துண்டு பறந்தது, அதைப் பிடிக்க இவர் எழுந்தார், பரிசல் அப்போதுதான் சாய்ந்தது என்று சொன்னார். சுருக்காமல், கூட்டாமல், அந்த மனிதன் சொன்ன நிதானத்திலேயே சொன்னார்.  துரை எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சின்னண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, மெதுவாக எழுதினார்.

ஆண்டி குற்றவாளிக் கூண்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கை கும்பிட்டபடியே இருந்தது.

தீர்ப்பு சாயங்காலமே வந்துவிட்டது. எதிர்பாராத காற்றினால் நேர்ந்த விபத்து, பரிசல்காரன் தன்னால் ஆன எச்சரிக்கையைச் செய்தான், விடுதலை. சின்னண்ணன் எழுந்ததைப் பற்றித் தீர்ப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. யாரும் இயல்பாகச் செய்யக்கூடியது என்று துரை எழுதியிருந்தார். காளியண்ணன் அந்த வரியைச் சின்னண்ணனுக்குத் தமிழில் சொன்னார். சின்னண்ணன் தலையை ஆட்டினார். அதனால் அவருக்கு ஏதாவது ஆறுதல் கிடைத்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வேப்பமரத்தடியில் செல்லியம்மாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். காளியண்ணன் வெளியே வந்ததும் ஆண்டி ஓடி வந்து காலைத் தொடப் போனான். அவர் விலகிக்கொண்டார்.

"ஏம்பா, அவரு எந்திரிச்சது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுமுங்க."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே. போலீசுலயும் சொல்லலை, இங்கயும் சொல்லலை."

ஆண்டி பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். "பயமுங்க. நான் அவிய ஊர்த் துறையில பொழைக்கறவன். பண்ணயக்காரர் மேல பழி சொன்னா நாளைக்கு யாரு என்னை அண்ட விடுவாங்க?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "பயம் மட்டுமில்லீங்க," என்றான். "அன்னைக்கு அந்தம்மாவைத் தேடிட்டு நான் வெறுங்கையோட கரைக்கு வந்தப்ப, அவரு எங்கையப் புடிச்சுக்கிட்டு, நான் எந்திரிச்சது அவளுக்குத் தெரிஞ்சுருக்குமான்னு கேட்டாருங்க. அப்படிக் கேட்ட மனுசன் மேல எப்படிங்க சாமி நான் சொல்லுவேன்?"

"நீ என்ன பதில் சொன்னே?"

"தெரியாதுங்கன்னு சொன்னனுங்க. அந்தம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு எம் பக்கமாத்தான் பார்த்துட்டு இருந்தாங்க, உங்களைப் பார்க்கலைன்னு சொன்னனுங்க."

அது உண்மையா என்று காளியண்ணன் கேட்கவில்லை.

சின்னண்ணனின் வில்வண்டி தெருவோரத்தில் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரன் மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டான். ஆனால் வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்காரன் இறங்கி வந்து ஆண்டியிடம், "மோகனூருக்குத்தானே? கவுண்டர் உங்களை ஏறச் சொல்றாருங்க," என்றான்.

ஆண்டி மனைவியைப் பார்த்தான். செல்லியம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே முதலில் நடந்தாள். இரண்டு பேரும் வண்டியின் பின்பக்கம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்னண்ணன் முன்னால் பார்த்தபடி இருந்தார். யாரும் யாரோடும் பேசியதாகத் தெரியவில்லை. வண்டி கிளம்பித் தெற்கே திரும்பியது.

அந்த வருஷம் முழுக்க ஆண்டி பரிசல் போடவில்லை என்று பின்னால் காளியண்ணன் கேள்விப்பட்டார். சனங்கள் ஏறப் பயந்தார்கள். சின்னண்ணனின் தோட்டத்தில் களைவெட்டும் மடைமாற்றுமாக இருந்தான். அடுத்த வருஷம் தைமாதம், பெருமாயியின் அண்ணன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. சின்னண்ணன் போகாமல் இருக்க முடியாது. துறைக்கு வந்து கரையில் நின்றார். ஆண்டி பரிசலை இறக்கினான். அவர் ஏறியதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். அக்கரை போய்ச் சேரும்வரை அவர் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லையாம்.

அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்று சாயங்காலம் காளியண்ணன் வீட்டுக்குப் போனபோது சௌந்திரம் தூக்கைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க, சோறு அப்படியே இருக்குது?"

"பசிக்கலை."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. பேசிப் பேசி அலுத்துப் போச்சு."

 அவள் பாயை விரித்துப் போட்டாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் சுவரோரமாகப் படுத்தார். நாளைக்கு ஒரு வரப்புத் தகராறு இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஏகப்பட்ட சாட்சிகள். அதை நினைத்தபடியே கண் செருகியது. சௌந்திரம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது, தண்ணீர்ச் செம்புக்கு நீட்டிய கை பாதியில் கிடக்க, அவர் தூங்கிப்போயிருந்தார்.